ஓர் ஆங்கிலக் கிராமத்தின் நிலம் எந்த மடத்தின் கையில் இருந்தது? தேடிக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தில் ஒரு கிராமத்தின் பழைய கதையைத் தோண்ட ஆசைப்படுபவர்களில் பெரும்பாலோர் முதலில் திறப்பது, அரசர் 1086-ஆம் ஆண்டில் எடுத்த நிலக் கணக்கான டோம்ஸ்டே ஏட்டைத்தான். ஊர்ப் பெயர் அதில் இருப்பதைப் பார்த்ததும் பூரிப்பு வரும். அடுத்த அடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள், ஏனென்றால் பல ஊர்களுக்கு அதற்கடுத்த விரிவான ஆவணம் கிடைக்க இருநூறு ஆண்டு தாண்ட வேண்டியிருக்கும்.

நான் சொல்லும் வழி நேர்மாறானது. 1535-க்கும் 1540-க்கும் நடுவில் தொடங்குங்கள். எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்து நிலங்களைப் பறித்துக்கொண்ட காலம் அது. பறிப்பதற்கு முன் கணக்கெடுத்தார்கள், பறித்த பின் வரவு எழுதினார்கள், விற்கும்போது பத்திரம் போட்டார்கள். இத்தனை காகிதம் ஒரே இடத்தில் குவிந்த தருணம் இடைக்கால நில வரலாற்றில் வேறு இல்லை. அங்கிருந்து பின்னோக்கி நடக்கலாம். டோம்ஸ்டே கடைசியில் வரட்டும்.

கூடவே ஒரு விதி: மடத்தைத் துரத்தாதீர்கள், நிலத்தைத் துரத்துங்கள். மடம் கலைந்தபோது நிலம் யார் கைக்குப் போனதோ, அந்த நிலத்தின் வாடகைப் பட்டியலும், பிரபுவின் மன்ற நடவடிக்கைகளை எழுதிய மன்றச் சுருளும் பெரும்பாலும் அவர் பெட்டிக்குள் போயின. குடியானவரில் யார் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதற்கு அவைதானே அத்தாட்சி.

தொடங்குமுன் தெளிய வேண்டியவை

ஊர், பாரிஷ், மேனர் என்ற மூன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஊர் என்பது மக்கள் குடியிருந்து உழுத இடம். பாரிஷ் என்பது ஒரு தேவாலயத்துக்குத் தசமபாகம், அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு, கொடுக்கும் எல்லை. மேனர் என்பது ஒரு பிரபுவின் நிலம், அதில் அவருக்குள்ள உரிமைகள், அவர் கூட்டும் மன்றம் எல்லாம் சேர்ந்த தொகுதி. மூன்றும் ஒன்றாகப் பொருந்தும் ஊர்கள் உண்டு. ஆனால் ஒரே ஊரில் மூன்று மேனர்கள் இருக்கலாம், ஒரு மேனர் நான்கு ஊர்களில் சிதறியும் கிடக்கலாம். ‘ஊர் முழுவதும் மடத்துக்குச் சொந்தம்’ என்று யாராவது சொன்னால், எந்த மேனர் என்று திருப்பிக் கேளுங்கள்.

‘சொந்தம்’ என்பதும் சிக்கலான பேச்சு. 1066-க்குப் பின் நிலம் அனைத்தும் கோட்பாட்டளவில் அரசருடையது. மற்றவர்கள் மேலே ஒருவரிடமிருந்து ஏதோ ஒரு கடமைக்குக் கட்டுப்பட்டு வைத்திருந்தார்கள். மடங்களுக்குக் கொடுத்த நிலத்தில் பெரும்பகுதி, கொடுத்தவரின் ஆன்மாவுக்காக ஜெபிக்க வேண்டும் என்ற ஒரே கடமையோடு வந்த மானியம். ஆனால் பழைய பெரிய மடங்கள் அரசருக்குப் படைவீரர்களையும் அனுப்பக் கடமைப்பட்டிருந்தன. பீட்டர்பரோ மடத்துக்கு விதித்தது 60 வீரர்கள். அதன் பக்கத்தில் இருந்த ராம்சி மடத்துக்கு வெறும் 4. வீரர்களைப் பராமரிக்க மடம் தன் நிலத்தையே பிரித்துக் கொடுத்தது. ஆகவே பீட்டர்பரோ மடத்தின் ஊர் என்று ஏடு சொல்லும் இடத்தில் தலைமுறை தலைமுறையாக ஒரு வீரர் குடும்பம் உட்கார்ந்திருக்கக்கூடும். மடாதிபதியின் பெயர் மேலே இருக்கும், விளைச்சல் வேறு வீட்டுக்குப் போகும்.

மடத்துக்குள்ளும் பாகப்பிரிவினை உண்டு. மடாதிபதி இறந்தால் அடுத்தவர் வரும்வரை அரசர் அவருடைய நிலங்களைக் கையில் எடுத்து வருமானத்தை அனுபவிப்பார். துறவியர் பட்டினி கிடக்கக் கூடாதென்று பல மடங்கள் மடாதிபதியின் மேனர்கள், துறவியரின் மேனர்கள் என்று பிரித்தன. துறவியரின் பங்கும் உக்கிராணக்காரர், தர்மக்காரர், துணிமணிப் பொறுப்பாளர் எனப் பல பதவிகளுக்குப் பிரிந்தது. உங்கள் ஊர் எந்தப் பதவியின் கீழ் இருந்தது என்று தெரிந்தால்தான் எந்தக் கணக்கைத் தேடுவது என்பது விளங்கும்.

படி 1: பெயரையும் தரையையும் பாருங்கள்

ஊர்ப் பெயரின் பின்னொட்டு பல நேரம் விடையையே சொல்லிவிடும். ஹார்ட்ஃபர்ட்ஷயரில் அபட்ஸ் லாங்லி, கிங்ஸ் லாங்லி என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஊர்கள். முன்னது செயின்ட் ஆல்பன்ஸ் மடாதிபதியினுடையது, பின்னது அரசருடையது. பக்கிங்ஹாம்ஷயரின் மங்க்ஸ் ரிஸ்பரோ கான்டர்பரி துறவியருடையது. டார்செட்டில் டாலர் ஃபிராட்ரம், டாலர் போர்க்கோரம் என்று ஒரு ஜோடி உண்டு: ஒன்று ஹாஸ்பிட்டலர் என்னும் துறவு வீரர் சபையின் சகோதரர்களுடையது, மற்றது பன்றிகளுடையது. சகோதரர்கள் அதற்கு என்ன சொன்னார்களோ! லண்டனின் கோவென்ட் கார்டன் வெஸ்ட்மின்ஸ்டர் துறவியரின் காய்கறித் தோட்டமாக இருந்த இடம்.

‘பிஷப்ஸ்’ என்று வந்தால் அது ஆயருடைய நிலம், மடத்தை அங்கே தேடாதீர்கள். ‘கிரேஞ்ச்’ என்ற பெயரில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். சிஸ்டர்சியன் என்னும் சபையின் துறவியர் ஊரிலிருந்து ஒதுக்கமாக நடத்திய பண்ணைகளுக்கு அந்தப் பெயர். விக்டோரியா காலத்தில் வசதி படைத்தவர்கள் தங்கள் புது வீடுகளுக்கும் அதே பெயரை ஆசையாக வைத்துக்கொண்டார்கள். 1800-க்கு முந்தைய வரைபடத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

களஞ்சியங்களும் ஏமாற்றும். பெரிய பழைய களஞ்சியம் எதைப் பார்த்தாலும் தசமபாகக் களஞ்சியம் என்று சொல்லிவிடுவது அங்கே வழக்கம். இன்று ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில் இருக்கும் கிரேட் காக்ஸ்வெல் களஞ்சியம் ஏறத்தாழ 150 அடி நீளமும், உள்ளே கருவாலி மரத் தூண்களும் கொண்டது. 1290-களை ஒட்டிக் கட்டியது. அதையும் நெடுநாள் தசமபாகக் களஞ்சியம் என்றே சொன்னார்கள். உண்மையில் அது ஹாம்ஷயரின் பியூலி மடம் தன் சொந்தப் பண்ணையில் விளைந்ததைச் சேர்க்கக் கட்டியது. ஜான் அரசர் 1203-ல் ஃபாரிங்டன் மேனரைச் சிஸ்டர்சியன் துறவியருக்குக் கொடுத்தார். அடுத்த ஆண்டே அவர்களை பியூலிக்கு மாற்றினார். ஃபாரிங்டன் நிலங்கள் மட்டும் மடத்தோடு தங்கிவிட்டன. மடம் ஒரு கோடியில், களஞ்சியம் வேறொரு மாவட்டத்தில் இருப்பதற்கு இதுதான் காரணம். அருகிலுள்ள மடம்தான் உங்கள் ஊரின் சொந்தக்காரர் என்று ஊகிக்கவே கூடாது.

படி 2: முன்னோர் தேடியதைப் படித்துவிடுங்கள்

1899-ல் தொடங்கி இன்னும் முடியாமல் நடந்துகொண்டிருக்கிறது விக்டோரியா கவுண்டி வரலாறு என்னும் பெரும் திட்டம். பல தொகுதிகள் பிரிட்டிஷ் ஹிஸ்டரி ஆன்லைன் தளத்தில் படிக்கக் கிடைக்கின்றன. உங்கள் பாரிஷின் பக்கத்தில் மேனர்கள் பற்றிய பகுதியைத் திறந்தால் ஒவ்வொரு மேனரும் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று வரிசையாக இருக்கும். அதே மாவட்டத்தின் தொடக்கத் தொகுதிகளில் மடாலயங்களின் வரலாறும் இருக்கும்.

எல்லாப் பாரிஷுக்கும் இது எழுதப்படவில்லை. எழுதியவற்றிலும் 1900-களின் தொடக்கத் தொகுதிகள் பிரபுக்களின் வம்சாவளியில் மயங்கிக் கிடக்கும், உழுதவனைப் பற்றி ஒரு வரி இருக்காது. ஆனாலும் அடிக்குறிப்புகள் தங்கம். எந்தச் சுருள், எந்த எண் என்பதை அங்கிருந்தே குறித்துக்கொள்ளலாம்.

அடுத்து, வில்லியம் டக்டேலும் ராஜர் டாட்ஸ்வொர்த்தும் 1655 முதல் வெளியிட்ட மொனாஸ்டிகான் ஆங்கிலிகானம். மடங்களின் சாசனங்களைச் சேர்த்துவைத்த பெருந்தொகுப்பு அது.

படி 3: 1535-லிருந்து 1540-க்குள் இறங்குங்கள்

1535-ல் அரசரின் ஆணையர்கள் நாடு முழுவதும் திருச்சபை வருமானத்தைக் கணக்கெடுத்தார்கள். அந்தக் கணக்கெடுப்பின் பெயர் வாலோர் எக்ளீசியாஸ்டிகஸ். மடம் மடமாக, மேனர் மேனராக வருமானமும் கழிவுகளும் வரும். 1810-க்கும் 1834-க்கும் இடையில் ஆறு தொகுதிகளாக அச்சாகி, இணையத்திலும் கிடைக்கிறது. சில மாவட்டங்களுக்குப் பகுதிகள் தொலைந்துவிட்டன. அடுத்த ஆண்டு வந்த சட்டம், வருமானம் 200 பவுண்டுக்குக் குறைந்த மடங்களை மூடச் சொன்னது. அந்தக் கோட்டைக் கிழிக்க உதவியது இந்தக் கணக்குதான். தங்களை மதிப்பிட வந்தவர்களிடம் வருமானத்தைக் குறைத்துக் காட்டத் தூண்டுதல் இருக்கும் என்பதை மறக்காமல் தொகைகளைப் படியுங்கள்.

மூடிய பின் நிலத்தை நிர்வகிக்க 1536-ல் ‘ஆக்மென்டேஷன்ஸ்’ நீதிமன்றம் என்ற புது அலுவலகம் பிறந்தது. அதன் வருவாய்க் கணக்குகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் எஸ்சி 6 என்ற வரிசையில் உள்ளன. என் கணிப்பில் வாலோரைவிட இவை நம்பகமானவை. நிலம் இப்போது அரசருடையது, குறைத்துச் சொல்ல யாருக்கும் காரணமில்லை. எந்த மேனர், குத்தகைக்காரர் யார், எத்தனை ஆண்டுக் குத்தகை, ஆலை யாரிடம் என்றெல்லாம் வரும். கலைப்புக்குச் சற்று முன்பு மடங்கள் அவசர அவசரமாகக் கொடுத்த நீண்ட குத்தகைகளும் இங்கே தலைகாட்டும்.

விற்பனையின் தடயம் இரண்டு இடங்களில். வாங்க விரும்பியவர் கேட்டபோது எழுதிய மதிப்பீட்டுக் குறிப்புகள் ஈ 318 வரிசையில். அரசரின் மானியம், அரசாணைகளைப் பதிந்த பேட்டன்ட் ரோல்களில், சி 66 வரிசையில். எட்டாம் ஹென்றி காலத்து மானியங்களின் சுருக்கம் அச்சிலும் உண்டு. முதலில் வாங்கியவரே கடைசி வரை வைத்திருந்தார் என்று நினைக்க வேண்டாம். வாங்கிய சில வாரங்களில் கைமாற்றிய தரகர்கள் பலர். அதற்கான உரிமமும் அதே ரோல்களில் இருக்கும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இடைக்காலத்தில் அரசரிடம் நேரே நிலம் வைத்திருந்த பிரபு இறந்தால், அவர் விட்டுச்சென்ற நிலத்தை விசாரித்து எழுதுவார்கள். பிரபுக்களின் நிலத்தைத் தேட அந்த மரண விசாரணைப் பதிவுகளே சிறந்த கருவி. மடம் சாவதில்லை. ஆகவே மடத்து நிலத்துக்கு அந்தப் பதிவு கிடையாது. பலர் அங்கே தேடிக் களைத்து, ‘ஒன்றும் இல்லை’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் கலைப்புக்குப் பின் அரசர் விற்ற நிலங்களில் பலவற்றை அரசரிடமிருந்து வீரர் கடமையோடு வைத்திருக்க வேண்டும் என்றே நிபந்தனை போட்டார்கள். வாங்கியவர் இறந்ததும் விசாரணை வந்துவிடும். 1540-க்கு முன்பு கிடைக்காதது 1550-களில் கிடைக்கும்.

படி 4: சுருள்கள் எங்கே போயின?

மேனர் ஆவணங்களுக்குத் தனிச் சட்டப் பாதுகாப்பு உண்டு. 1922-ஆம் ஆண்டின் சொத்துச் சட்டம் குடியானவரின் பழைய மேனர் உரிமைகளை ஒழிக்க வழிசெய்தது. அவற்றுக்கான சான்றுகள் அழிந்துவிடக் கூடாதென்று மேனர் ஆவணப் பதிவேடு ஒன்றும் உருவானது. தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் அதில் ஊர்ப் பெயரைப் போட்டால் எந்தச் சுருள் எந்தக் காப்பகத்தில், எந்த ஆண்டுக்கு உரியது என்று காட்டும்.

எதிர்பார்ப்பை மடத்தின் வகையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கான்டர்பரி, டர்ஹம், வின்செஸ்டர், வூஸ்டர், ஈலி, நாரிச் ஆகிய இடங்களில் பேராலயமே துறவு மடமாக இருந்தது. அவை கலைந்தபோது துறவியருக்குப் பதில் டீன் என்னும் தலைவரும் குருக்கள் குழுவும் வந்தார்கள். நிலத்தின் பெரும்பகுதியும் பெட்டிகளும் அங்கேயே இருந்தன. டர்ஹம் போன்ற இடங்களில் கணக்குச் சுருள்கள் நூற்றுக்கணக்கில் மிஞ்சியதற்குக் காரணம் இதுதான். இடிந்து கல் கல்லாகப் போன மடங்களின் நிலையோ பரிதாபம். அவற்றின் தோல் ஏடுகள் புத்தக அட்டைக்குள் ஒட்டும் துண்டாகக்கூடப் போயின.

நடுத்தரமான விதிக்கு ராம்சி மடம் உதாரணம். 969-ல் ஃபென் சதுப்புநிலத்தின் நடுவே நிறுவியது. 1539-ல் சரணடைந்தது. அடுத்த ஆண்டு மடத்தையும் சுற்றியுள்ள நிலத்தையும் வாங்கியவர், எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லின் சகோதரி மகன் ரிச்சர்ட் வில்லியம்ஸ். மாமன் பெயரான கிராம்வெல்லையும் சேர்த்துக்கொண்டவர். பின்னாளில் நாட்டை ஆண்ட ஆலிவர் கிராம்வெல் இவருடைய கொள்ளுப்பேரன். ராம்சியின் சுருள்கள் பல காப்பகங்களில் சிதறிக் கிடக்கின்றன. அப்படியும் அந்த மடத்தின் கிராமங்கள் இங்கிலாந்திலேயே மிக நன்றாக ஆராயப்பட்டவற்றுள் சேர்ந்தவை. அவற்றில் ஒன்றான எல்டனை இனி உதாரணமாக வைத்துக்கொள்வோம். பீட்டர்பரோவுக்கு அருகே, நீன் ஆற்றங்கரையில், பழைய ஹண்டிங்டன்ஷயரில் உள்ள ஊர்.

படி 5: மேனர் ஆவணங்களைப் படியுங்கள்

உழைப்பில் பாதியை இந்தப் படிக்கே ஒதுக்குங்கள். மடம் நிலத்தை வைத்து என்ன செய்தது என்பதை வேறெந்த ஆவணமும் சொல்லாது.

முதலில் ஒரு நில மதிப்பீடு கிடைக்கிறதா என்று பாருங்கள். 1279–80-ல் முதலாம் எட்வர்ட் நடத்திய நாடளாவிய விசாரணையின் ஹண்ட்ரட் ரோல்கள் எல்லா மாவட்டத்துக்கும் முழுமையாக மிஞ்சவில்லை. ஹண்டிங்டன்ஷயர், கேம்பிரிட்ஜ்ஷயர், ஆக்ஸ்ஃபர்ட்ஷயர் போன்ற சில இடங்கள் அதிர்ஷ்டசாலிகள். எல்டனைப் பற்றி அது சொல்கிறது: மேனரில் 13 ஹைடு நிலம். ஒரு ஹைடு என்பது 6 விர்கேட். ஒரு விர்கேட் 24 ஏக்கர். மடாதிபதியின் சொந்தப் பண்ணை 3 ஹைடு. பெருக்கிப் பாருங்கள், 432 ஏக்கர் உழவு நிலம். அளவுகளை ஊருக்கு ஊர் சரிபார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடமில்லை. பாடநூல் கணக்குப்படி விர்கேட் 30 ஏக்கர், ஹைடு 120 ஏக்கர். அதை எல்டனில் பொருத்தினால் மடாதிபதியின் பண்ணை 360 ஏக்கராகச் சுருங்கிவிடும்.

பண்ணைக்கு வெளியே உள்ள நிலத்தைக் குடியானவர்கள் வைத்திருந்தார்கள். சுதந்திரக் குடிகள் பணம் கொடுத்தார்கள். கட்டுண்ட குடிகள் வாரத்தில் சில நாள் மடாதிபதியின் பண்ணையில் கூலியில்லாமல் வேலை செய்து, அறுவடையில் அதற்கு மேலும் செய்தார்கள். குடியானவர் இறந்தால் மடத்துக்குச் சிறந்த மாடு போகும். மகளைக் கட்டிக்கொடுக்கவும் கட்டணம்.

கணக்குச் சுருள் செப்டம்பர் 29, புனித மிக்கேல் திருநாளில் தொடங்கி அடுத்த ஆண்டு அதே நாளில் முடியும். எழுத்தர் எழுதுவார், பொறுப்பு ஊர் மணியக்காரருக்கு. அதை இன்றைய லாப நட்டக் கணக்காக நினைத்துப் படித்தால் தடுமாறுவீர்கள். மணியக்காரர் மடத்துக்கு எவ்வளவு பாக்கி என்பதை மட்டுமே அது கேட்கிறது. வர வேண்டியதெல்லாம் மேலே, செலவானதெல்லாம் கீழே, மிச்சம் அவர் தலையில். முன்பக்கம் பணம். சுருளைத் திருப்பிப் பின்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். கோதுமை, பார்லி, ஆடு, வாத்து, கூலியில்லா வேலை நாள்கள் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். எத்தனை நாள் உண்மையில் வேலை செய்தார்கள், எத்தனை நாளுக்குப் பதில் பணம் வாங்கினார்கள் என்பது தெரிந்தால் மடம் எந்தத் திசையில் போகிறது என்று புரியும்.

‘ஃபர்மா’ என்ற லத்தீன் சொல் வந்தால் உழவு என்று எண்ண வேண்டாம், நிலையான தொகைக்கு விட்ட குத்தகை அது. 1349-ன் கொள்ளைநோய்க்குப் பிறகு ஆள் குறைந்து கூலி ஏறியது. 1400-ஐ ஒட்டி மடங்கள் ஒவ்வொன்றாகச் சொந்தப் பண்ணையைக் குத்தகைக்கு விட்டன. அதன்பின் சுருள்கள் மெலிந்துபோகும். ஊர் மெலிந்துவிட்டது என்று பொருளில்லை. மடம் எண்ணுவதை நிறுத்திக்கொண்டது, அவ்வளவே.

எல்டனுக்குக் கணக்குகளும் மன்றச் சுருள்களும் 1279 முதல் 1351 வரை இடைவெளிகளோடு கிடைத்து, அச்சிலும் வந்திருக்கின்றன.

மன்றச் சுருள்களில்தான் மனிதர்கள் பேசுகிறார்கள். பக்கத்து வயலில் மாடு மேய்ந்தது, பீர் காய்ச்சி விற்றதற்கு அபராதம், வேலைக்கு வராததற்கு அபராதம், தந்தையின் நிலத்தை மகன் எடுத்துக்கொண்டது. 1349-ஆம் ஆண்டுச் சுருள் உங்கள் ஊருக்கு மிஞ்சியிருந்தால் மரணங்களை எண்ணிப் பாருங்கள். பீர் அபராதம் வருடாவருடம் அதே பெண்கள் மேல் விழுந்தால், அது தண்டனையா உரிமக் கட்டணமா என்றும் யோசியுங்கள். எனக்கு இரண்டாவதுதான் படுகிறது.

ஆலையைப் பற்றிய வரிகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள். குடியானவர் பிரபுவின் ஆலையில்தான் மாவரைக்க வேண்டும், அதற்கு ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும் என்பது பல மேனர்களில் விதி. செயின்ட் ஆல்பன்ஸில் ஊரார் வீட்டிலேயே கைத்திரிகையில் அரைத்துக்கொண்டார்கள். 1331 அளவில் மடாதிபதி ரிச்சர்ட் ஆஃப் வாலிங்ஃபர்ட் அவர்களிடமிருந்து திரிகைக் கற்களை வாங்கி, மடத்தின் வரவேற்புக் கூடத்தில் தரையாகப் பதித்துவிட்டார். வானியல் கடிகாரம் அமைத்த கணித மேதைதான் அவர், ஆனாலும் ஊரார் மிதிபடும் கல்லை மறக்கவில்லை. ஐம்பது ஆண்டுக்குப் பின், 1381-ன் குடியானவர் கிளர்ச்சியில் மடத்துக்குள் புகுந்து தரையைப் பெயர்த்தார்கள். கற்களை உடைத்து, தேவாலயத்தில் ஆசீர்வதித்த அப்பத்தைப் பங்கிடுவதுபோல் ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள் என்று மடத்து வரலாற்றாசிரியர் தாமஸ் வால்சிங்கமே எழுதுகிறார். உங்கள் ஊர்ச் சுருளில் ‘வீட்டில் திரிகை வைத்திருந்ததற்கு 6 பென்ஸ்’ என்பதுபோல ஒரு வரி கண்ணில் பட்டால், அதன் பின்னால் இப்படியொரு பகை இருக்கலாம்.

படி 6: மடத்துக்கு நிலம் எப்படி வந்தது?

மடங்கள் தங்கள் சாசனங்களை ஏடுகளில் பிரதியெடுத்துத் தொகுத்தன. எந்த மடத்தின் தொகுப்பேடு எங்கே உள்ளது என்பதற்கு விரிவான பட்டியல் நூல் உண்டு. ராம்சியின் தொகுப்பேடு 1884-க்கும் 1893-க்கும் இடையில் மூன்று தொகுதிகளாக அச்சானது.

ராம்சி மடத்தின் பழைய வரலாற்றேடு எல்டன் வந்த விதத்தைச் சுவையாகச் சொல்கிறது. கனூட் அரசர் காலத்தில் எல்டன் ஒரு டேனியரிடம் இருந்தது. குடித்துக் களித்த ஓர் இரவில், விடிவதற்குள் பொன் கொண்டுவந்தால் ஊரைத் தந்துவிடுகிறேன் என்று டார்செஸ்டர் ஆயர் ஏத்தரிக்கிடம் அவர் சொல்லிவிட்டார். ஆயர் விடியுமுன் பொன்னைத் திரட்டிவந்தார், ஊர் கைமாறி ராம்சிக்குச் சேர்ந்தது. கதையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. டேனியரிடமிருந்து ஆயர் வழியாக மடத்துக்கு வந்தது என்ற எலும்புக்கூட்டை எடுத்துக்கொண்டு, மேலே போர்த்திய சதையை மடத்தின் பெருமிதத்துக்கு விட்டுவிடுங்கள்.

1066-க்கு முந்தைய சாசனங்களுக்கெல்லாம் பீட்டர் சாயர் 1968-ல் கொடுத்த எண்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. இணையப் பட்டியலில் ஊர்ப் பெயரைத் தேடலாம். ஒவ்வொன்றும் அசலா போலியா என்று அறிஞர்கள் சொன்ன கருத்தும் அதில் இருக்கும். போலிகள் ஏராளம். வெஸ்ட்மின்ஸ்டர் துறவியர் 12-ஆம் நூற்றாண்டில் அதில் கைதேர்ந்தவர்கள். கிரோலாந்து மடத்தின் இங்குல்ஃப் பெயரிலான வரலாறு 11-ஆம் நூற்றாண்டினது என்று சொல்லிக்கொள்ளும் பிற்காலப் புனைவு. போலி என்றதும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வாய்மொழியாகக் கிடைத்த நிலத்துக்கோ தீயில் போன பத்திரத்துக்கோ ஈடாகப் பின்னால் எழுதியவை பல. போலி எழுதிய ஆண்டைக் கண்டுபிடித்தால், அந்த ஆண்டில் யார் அந்த நிலத்துக்குச் சண்டைக்கு வந்தார் என்ற கேள்வி பிறக்கும். உண்மைப் பத்திரத்தைவிடச் சுவையான வரலாறு பல நேரம் அங்கே இருக்கிறது.

1195 முதல் நில உடன்படிக்கைகளை ஒரே தோலில் மூன்று பிரதியாக எழுதி, அடிப்பிரதியை அரசரின் கருவூலத்தில் வைத்தார்கள். சிபி 25/1 வரிசை. பல மாவட்டச் சங்கங்கள் சுருக்கம் வெளியிட்டுள்ளன. 1279-ல் மார்ட்மெயின் சட்டம் வந்தது: மடத்துக்குப் போன நிலம் மீளாது, அரசருக்கும் பிரபுவுக்கும் வர வேண்டிய கட்டணங்கள் நின்றுவிடும் என்பதால் இனி உரிமம் இல்லாமல் கொடுக்கக் கூடாது என்றது. உரிமம் தருமுன் யாருக்கு நட்டம் என்று விசாரித்தார்கள். அந்த விசாரணைகள் சி 143 வரிசையில் உள்ளன. 20 ஏக்கர் சின்னக் கொடைக்குக்கூட, கொடுப்பவரிடம் வேறென்ன நிலம் மிச்சம் என்பது வரை எழுதியிருப்பார்கள். சிறிய மடங்களின் வளர்ச்சியைத் தொடர இதைப்போல உதவுவது வேறில்லை.

படி 7: இப்போது டோம்ஸ்டே

1085 கிறிஸ்துமஸில் குளோஸ்டரில் வில்லியம் அரசர் ஆணையிட்டு, அடுத்த ஆண்டு எடுத்த கணக்கு இது. டர்ஹம், நார்தம்பர்லாந்து இதில் இல்லை. லண்டனும் வின்செஸ்டரும் இல்லை. எசெக்ஸ், நார்ஃபோக், சஃபோக் மூன்றும் தனி ஏட்டில் கூடுதல் விவரத்தோடு இருக்கின்றன. ஓப்பன் டோம்ஸ்டே தளத்தில் இலவசமாகத் தேடலாம்.

எல்டன் பதிவு இப்படி: ராம்சி மடாதிபதிக்கு வரிக்கணக்கில் 10 ஹைடு. பண்ணையில் 4 ஏர். 28 குடியானவர்களுக்கு 20 ஏர். ஒரு தேவாலயம், ஒரு குரு. 40 ஷில்லிங் தரும் இரண்டு ஆலைகள். 170 ஏக்கர் புல்வெளி. 1066-க்கு முன் ஆண்ட எட்வர்ட் அரசர் காலத்தில் மதிப்பு 14 பவுண்டு, 1086-ல் 16.

1086-ல் 10 ஹைடு, 1279-ல் 13 ஹைடு. காட்டை வெட்டி நிலத்தைப் பெருக்கினார்கள் என்று உடனே எழுதத் தோன்றும். பொறுங்கள். அதே பதிவு, மடாதிபதியின் பண்ணையில் 4 ஏருக்கான நிலம் அந்த ஹைடுகளுக்கு அப்பால் இருப்பதாகச் சொல்கிறது. வரி விதிக்காத அந்தப் பண்ணையும் 1279-ல் ஹைடாக எண்ணப்பட்டிருந்தால் 3 ஹைடு வேறுபாடு அங்கேயே தீர்ந்துவிடும். 1279-ல் பண்ணை சரியாக 3 ஹைடு என்பதை நினைவில் வையுங்கள். டோம்ஸ்டேயைக் கடைசிக்குத் தள்ளச் சொன்னது இதற்காகத்தான். பிந்தைய ஆவணங்கள் கையில் இருந்தால்தான் அது வாய் திறக்கும்.

28 பேர் என்பது குடும்பத் தலைவர்களின் எண்ணிக்கை, மக்கள்தொகை இல்லை. வேறு சில மடங்களின் பதிவுகளில் ‘துறவியர் உணவுக்கு’, ‘துறவியர் உடைக்கு’ என்று குறிப்பு வரும். கான்டர்பரி, வின்செஸ்டர் ஊர்களில் அதைப் பார்க்கலாம். உள் பாகப்பிரிவினை அப்போதே தொடங்கிவிட்டதற்கு அது அடையாளம்.

படி 8: தேவாலயத்தின் வருமானத்தைத் தனியாகத் தேடுங்கள்

மடத்துக்கு ஊரில் ஒரு குழி நிலம்கூட இல்லாமல் தேவாலயம் மட்டும் அதன் கையில் இருந்திருக்கலாம். அப்படியானால் தானியத் தசமபாகம் மடத்துக்குப் போகும். ஊரில் விகார் என்னும் பதில் குரு ஒருவரை வைத்துச் சிறிய தசமபாகங்களை மட்டும் அவருக்கு விட்டிருப்பார்கள். முழுத் தசமபாகத்துக்கும் உரிய குருவான ரெக்டர் இல்லாமல் விகார் மட்டும் இருந்த பாரிஷ் என்றாலே, பெரிய பங்கை யார் எடுத்தது என்று தேடுங்கள். 1291–92-ல் போப் நான்காம் நிக்கோலஸுக்காக எடுத்த திருச்சபை வரிமதிப்பீட்டில் தேவாலய வருமானமும் நில வருமானமும் தனித்தனியாக இருக்கும். ஆனால் மதிப்புகள் தாழ்வானவை.

கலைப்புக்குப் பின் அந்தத் தசமபாகமும் விற்பனைக்கு வந்தது. வாங்கியவர் தலையில் தேவாலயத்தின் பலிபீடப் பகுதியைப் பழுதுபார்க்கும் கடமையும் ஏறியது. வார்விக்ஷயரின் ஆஸ்டன் கான்ட்லோவில் மாக்ஸ்டோக் மடத்திடம் இருந்த ரெக்டர் உரிமை கை மாறி மாறி ஒரு பண்ணை நிலத்தில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பண்ணைக்கு உரியவர்கள்தான் பழுதுபார்ப்புச் செலவைத் தர வேண்டும் என்று 2003-ல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டிய செலவு. 2013 அக்டோபர் 13-க்குப் பிறகு, பதிவு செய்யாத இத்தகைய கடமை நிலத்தை விலைகொடுத்துப் புதிதாக வாங்குபவரைக் கட்டாது என்று விதி மாறியது.

1836 சட்டத்தின்படி வரைந்த தசமபாக வரைபடங்களை இங்கே எதிர்மறையாகப் பயன்படுத்தலாம். சிஸ்டர்சியன் துறவியர் தாங்களே உழுத பழைய நிலங்களுக்குத் தசமபாக விலக்கு உண்டு. அந்த விலக்கு கலைப்புக்குப் பின்னும் நிலத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. 1840-களின் வரைபடத்தில் ஒரு பண்ணை மட்டும் தசமபாகம் இல்லாமல் நின்றால், அதன் எல்லை 13-ஆம் நூற்றாண்டுக் கிரேஞ்சின் எல்லையாக இருக்கக்கூடும். விலக்குக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதால் சாசனத்தோடு ஒப்பிட்டே முடிவு கட்டுங்கள்.

நாள், பணம், மொழி

ஆவணங்கள் அரசரின் ஆட்சியாண்டால் நாள் குறிக்கும். முதலாம் எட்வர்டின் 12-ஆம் ஆண்டு 1283 நவம்பர் 20-ல் தொடங்கி 1284 நவம்பர் 19-ல் முடியும். ஆகவே ‘12-ஆம் ஆண்டு மிக்கேல் திருநாள்’ என்றால் 1284 செப்டம்பர். ஆண்டு மாறுவது மார்ச் 25-ல் என்பதால், 1305 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் 1306. ஒரு பவுண்டு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங் 12 பென்ஸ். மார்க் என்பது 13 ஷில்லிங் 4 பென்ஸ், அது நாணயம் இல்லை, கணக்குக்கான அலகு.

லத்தீன் பயமுறுத்தும். ஆனால் மணியக்காரரின் லத்தீனும் ரோமக் கவிஞர் வர்ஜிலின் லத்தீனும் வேறு வேறு. சில நூறு சொற்களும் சுருக்கக் குறிகளும் திரும்பத் திரும்ப வரும். தேசிய ஆவணக் காப்பகம் லத்தீனுக்கும் பழைய கையெழுத்துக்கும் இலவச இணையப் பாடம் வைத்திருக்கிறது. முதலில் மூலமும் மொழிபெயர்ப்பும் எதிரெதிர்ப் பக்கத்தில் அச்சான ஒரு கணக்குச் சுருளை எடுத்து, ஒரு பத்தியை முழுவதும் பிரித்துப் படியுங்கள். அடுத்த ஆண்டுச் சுருளும் அதே வரிசையில்தான் போகும்.

குறிப்பெடுக்கும்போது ஒவ்வொரு தகவலுக்கும் நான்கு கட்டம் போடுங்கள்: எந்த மேனர், யாரிடமிருந்து யார் வைத்திருந்தார், எந்த ஆண்டின் நிலை, அந்த ஆவணத்தை எழுதவைத்தவர் எதற்காக எழுதவைத்தார். கடைசிக் கட்டத்தை யாரும் நிரப்புவதில்லை. வரிக்காக எழுதியது நிலத்தைக் குறைக்கும், வழக்குக்காக எழுதியது உரிமையைக் கூட்டும். இரண்டும் முரண்படும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள், அடுத்த தேடல் அந்தக் கோட்டிலிருந்து தொடங்கட்டும்.